பாவித்த பௌலிங் பந்து ஒன்றின் விற்பனை: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் என் தாய்மாமா தமது பௌலிங் பந்தை விற்றார். அது கிரிக்கெட் பந்து அல்ல. வழுவழுப்பான தளத்தின் மீது உருட்டி, 60 அடி தூரத்தில் நிற்கும், ‘பின்’ எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டத்துக்குரிய, விரல்துளைகள் கொண்ட பாரமான பந்து. விற்பனைக்கான விவரத்தை எழுதியவன் நான். நான் முதலில் எழுதிய விவரத்தில் ஒரு பொய்கூட இருக்கவில்லை. ஆனாலும் அதை நம்பி யாராவது பணம் கொடுத்திருந்தால் அவர் ஏமாந்திருப்பார். அது எப்படி நேர்ந்தது, எந்தக் கேள்வியால் வெளிப்பட்டது, திருத்திய பிறகு விற்பனை எப்படி முடிந்தது என்பவற்றை, பாவித்த பொருட்களை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே பதிவு செய்கிறேன். மாமாவும் பந்தை வாங்கியவரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

மாமா இருபது ஆண்டுகளுக்கு மேல் ரொறன்ரோவில் வாழ்ந்தவர். அங்கே தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அமைத்த குழுவில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பௌலிங் விளையாடியிருக்கிறார். அந்த நகரத்துக்கென்றே தனியாக ஓர் ஆட்டமும் உண்டு: 1909ஆம் ஆண்டளவில் தோமஸ் ராயன் என்பவர் அங்கு உருவாக்கிய ஐந்து பின் பௌலிங், துளையே இல்லாத, ஒரு கைக்குள் அடங்கும் சிறிய பந்தால் ஆடப்படுவது. மாமா ஆடியது அதுவல்ல, உலகெங்கும் ஆடப்படும் பத்துப் பின் ஆட்டம். அதில் பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படக்கூடாது. விட்டம் எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். 2014இல் அவர் தமக்கென்று ஒரு பந்தை வாங்கி, தமது கைக்கு அளவெடுத்துத் துளையிடுவித்தார். கருநீல நிறம், 15 இறாத்தல் என்று பொறிக்கப்பட்டது, மேலோடு ரியாக்டிவ் ரெசின் எனப்படும் வகை. 2018இல் தோள்மூட்டு வலியால் ஆட்டத்தை நிறுத்தினார். 2019இல் ஊர் திரும்பியபோது, கப்பலில் வந்த பெட்டிகளில் ஒன்றுக்குள் பந்தும் வந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் வீட்டின் பின்புறத் தகரக் கூரை அறையில், பழைய அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

2023இல் அந்த அறையை இடித்துக் கட்ட முடிவானபோது பந்தை விற்றுவிடலாம் என்று மாமா சொன்னார். பொறுப்பை என்னிடம் தந்தார். நான் பந்தை எடுத்துத் துடைத்தேன். தூசு போன பிறகும் மங்கலாக இருந்ததால், என் வாகனத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மெருகை எடுத்து, மென்துணியால் அரைமணி நேரம் தேய்த்தேன். பந்து கண்ணாடிபோல் ஆனது. இந்த அரைமணி நேரம் பின்னர் முக்கியமாகப் போவதால் இங்கே குறிப்பிடுகிறேன். படம் எடுத்து, பின்வரும் விவரத்தை எழுதி, விற்பனை விளம்பரமாகப் போட்டேன்:

“கனடாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தரமான பௌலிங் பந்து. 15 இறாத்தல். கடந்த ஐந்து ஆண்டுகளாகப் பாவிக்கப்படவில்லை. பளபளப்பான தோற்றம். வாங்கிய விலை 200 டொலருக்கு மேல். விலை 25,000 ரூபாய்.”

ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியே எடுத்தால் அனைத்தும் உண்மை. ஐந்து ஆண்டுகளாகப் பாவிக்கப்படவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதைப் படிப்பவர் மனத்தில் எழுவது, அதிகம் பாவிக்கப்படாத புதுப்பந்து போன்றது என்ற எண்ணம். நடந்தது வேறு. குளிர்காலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 வாரங்கள், வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள், நான்கு குளிர்காலங்கள். கணக்குப் பார்த்தால் பயிற்சியைச் சேர்க்காமலே 360 ஆட்டங்கள். பாவிக்காமல் கிடந்த ஐந்து ஆண்டுகளும் பந்துக்கு நன்மை செய்யவில்லை. அவைதான் அதைக் கெடுத்தன. அதை நான் அப்போது அறியவில்லை. அறியாமை என் தவறைக் குறைக்கும் என்றும் நான் கருதவில்லை, ஏனெனில் பக்கத்து அறையிலேயே மாமா இருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விளம்பரம் வெளியாகி ஒரு வாரத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்தார். மிகுந்த மரியாதையோடு பேசினார். மகனுக்குப் பிறந்தநாள் வருகிறது, விடுமுறை நாட்களில் மகனைப் பௌலிங் தளத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம், சொந்தப் பந்து ஒன்று கொடுத்தால் மகிழ்வான் என்றார். நிறம் என்ன, 20,000க்குத் தருவீர்களா, பேருந்தில் அனுப்ப முடியுமா என்ற மூன்றை மட்டுமே கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மறுநாள் உறுதி செய்வதாகச் சொல்லி வைத்துவிட்டு மாமாவிடம் செய்தியைச் சொன்னேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. “பெடியனுக்கு எத்தனை வயது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “எந்தக் கைக்காரன்?” என்றார். அதுவும் தெரியாது. “அப்ப நீ ஆருக்கு என்ன விற்கிறாய் எண்டு உனக்கே தெரியாதே” என்றார்.

மறுபடி அழைத்துக் கேட்டேன். மகனுக்குப் பதின்மூன்று வயது, நிறை ஏறத்தாழ 40 கிலோ, வலக்கைப் பழக்கம். ஆடுபவரின் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு என்பது பந்தின் நிறைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒன்பது இறாத்தல் அளவில் ஒரு பந்துதான் பொருந்தும். 15 இறாத்தல் பந்தை அவன் தூக்கலாம், ஆனால் கையை வீசி விடுவிக்கும்போது மணிக்கட்டும் தோளும் அதன் பாரத்தைத் தாங்காது. அதற்கும் மேல், என் மாமா இடக்கைக்காரர். துளைகளின் இடைவெளியும் சாய்வும் அவருடைய இடக்கைக்கே அமைந்தவை. வலக்கைச் சிறுவனின் விரல்கள் அவற்றில் பொருந்தவே மாட்டா. இதைச் சொன்னபோது அந்தத் தகப்பன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வேறு யாரும் கூடிய விலை தருவதாகச் சொன்னார்களோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. விற்பவன் தானாகவே விலகுவதை அவர் முன்பு கண்டிருக்க வாய்ப்பில்லை.

இந்த நிகழ்வின் மையம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்க வருபவருக்கு எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பாவித்த வெளியிணைப்பு எஞ்சினை வாங்க வரும் கடற்றொழிலாளி, பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி இயக்கிக் காட்டாமல் காசை எடுக்கமாட்டார். இத்தகைய பொருட்களில் விற்பவர் வாய்மூடி இருந்தாலும் வாங்குபவரின் அறிவு ஓரளவு காவல் காக்கிறது. பௌலிங் பந்துக்கு எங்கள் ஊரில் அந்தக் காவல் இல்லை. உருட்டிப் பார்க்க எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் தளம் இல்லை. செவுளுக்கு ஈடாக எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. ஆகவே வாங்குபவர் கேட்ட கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்வது மட்டும் நேர்மையாகிவிடாது. அவர் கேட்கத் தெரியாத கேள்விகளையும் விற்பவரே கேட்டு, விற்பவரே பதில் எழுத வேண்டும். மாமா கேட்ட இரண்டு கேள்விகளும் அத்தகையவை.

விளம்பரத்தை நீக்கினேன். அடுத்த இரண்டு வாரங்கள் பந்தை முறையாகச் சோதிப்பதில் கழிந்தன. மாமா சொல்லச் சொல்ல நான் செய்தேன். அவருடைய தோள் இப்போதும் பந்தைத் தூக்க இடம் தருவதில்லை.

முதலில், நான் பூசிய மெருகு அனைத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுறோப்பைல் அல்ககோலைத் துணியில் நனைத்துப் பலமுறை துடைத்தோம். துடைத்த துணியில் வாகன மெருகோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் வேறொரு பிசுக்கும் வந்தது. அது தளத்து எண்ணெய். பௌலிங் தளத்தின் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசுவது வழக்கம். பந்து அந்தப் பகுதியில் வழுக்கிச் சென்று, எண்ணெய் முடியும் இடத்தில் தளத்தைப் பற்றிக்கொண்டு வளையும். ரியாக்டிவ் ரெசின் மேலோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு; அவைதான் பற்றும் தன்மையைத் தருகின்றன, அவையே ஒவ்வோர் ஆட்டத்திலும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. எண்ணெய் நிரம்பிய பந்து உருளும், ஆனால் முன்போல் வளையாது. ஏறத்தாழ 60 ஆட்டங்களுக்கு ஒரு தடவை மேற்பரப்பை அரைத்துப் புதுப்பிப்பது நல்லது என்று சொல்வார்கள். மாமா நான்கு குளிர்காலங்களிலும் சேர்த்து இரண்டு தடவைதான் செய்வித்தார். அவர் அதை மறைக்காமல் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன்.

மெருகு நீங்கியதும் பந்தின் உண்மையான முகம் தெரிந்தது. உருண்ட தடத்தில் வட்டவட்டமாகக் கீறல்கள் இருந்தன. அவை பெரிதல்ல, அரைத்தால் போய்விடும். ஆனால் நடுவிரல் துளைக்கும் மோதிரவிரல் துளைக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான பாலத்தில், சாய்வாக விளக்கைப் பிடித்தபோது ஒரு கோடு மினுங்கியது. நகத்தை ஓட்டினேன், தட்டியதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாமா முகப்பவுடரைக் கொண்டுவரச் சொன்னார். அந்த இடத்தில் பவுடரைத் தேய்த்து, மேலாகத் துடைத்தபோது, கருநீலத்தின் மீது தலைமயிர் போன்ற வெள்ளை இழை ஒன்று துளையிலிருந்து துளை வரை நின்றது. வெடிப்பு. இதைத்தான் என் மெருகு நிரப்பி மூடியிருந்தது. நான் ஒளிக்க நினைத்துப் பூசவில்லை. ஆனால் வேண்டுமென்று ஒளிப்பவர் செய்திருக்கக்கூடியதும் இதே வேலைதான், விளைவும் இதேதான்.

வெடிப்புக்கான காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் பகல் வெப்பம் எந்த அளவுக்கு ஏறும் என்பது இங்கே வாழ்பவருக்குத் தெரியும். மாரியில் அதே அறை குளிர்ந்து ஈரம் கோக்கும். ரெசின் விரிந்து சுருங்கும். துளைகளுக்குள் ஒட்டியிருக்கும் விரல் உறைகள் அந்த அளவுக்குச் சுருங்காதபோது, சுற்றியுள்ள ஓடு இழுபட்டு மெலிந்த இடத்தில் பிளக்கிறது. நீண்ட காலம் பந்தை ஆடாமல் வைப்பவர்கள் இந்த உறைகளைக் கழற்றிவிட்டு, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைக்க வேண்டும் என்பது அதனால்தான். மாமாவுக்கு அது தெரியும். ஊர் திரும்பிய அவசரத்தில் மறந்துவிட்டார். விரல் உறைகள் இரண்டையும் இப்போது இழுத்து எடுத்தோம். பெருவிரல் துளையில் இருந்த பிளாஸ்டிக் குழல் பசையால் இறுக ஒட்டப்பட்டிருந்தது. வெட்டித்தான் எடுக்க முடியும், அதற்கான கருவி எங்களிடம் இல்லை. எனவே அந்தக் குழலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. இந்த வசனத்தையும் நான் அப்படியே குறித்துக்கொண்டேன்.

நிறையைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 6 கிலோ 740 கிராம் காட்டியது. 15 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. துளையிடும்போது வெளியேறும் பொருளால் இந்த வேறுபாடு வருவது இயல்பு, குறையல்ல. ஆயினும் பொறித்த எண்ணையும் நிறுத்த எண்ணையும் இரண்டாகவே எழுத முடிவு செய்தோம்.

விரல்துளைகள் மூன்றைத் தவிர, பக்கவாட்டில் நான்காவது துளை ஒன்றும் இருந்தது. நான் அதை ஏதோ பழுது என்று நினைத்தேன். அது சமநிலைத் துளை. பந்தின் ஒரு பக்கப் பாரத்தைச் சீராக்கவும், அது உருளும் விதத்தை மாற்றவும் துளையிடுபவர்கள் வேண்டுமென்றே இட்டது. 2014இல் அது விதிக்கு உட்பட்டது. ஆனால் அமெரிக்க பௌலிங் பேரவை 2020 ஓகஸ்ட் 1 முதல், தனது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் சமநிலைத் துளைகளை அனுமதிப்பதில்லை. அத்தகைய பந்தை அங்கே பாவிப்பதென்றால் துளையை அடைத்தாக வேண்டும். 2018இல் ஆட்டத்தை விட்ட மாமாவுக்கு இந்த மாற்றம் தெரியாது. நான் தேடிப் படித்துச் சொன்னபோது அவர் வியந்தார். விற்பவருக்குத் தம் பொருளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதைக் கடைசியாகப் பாவித்த நாளோடு நின்றுவிடக்கூடும். விதியோ அளவோ இடையில் மாறியிருந்தால், தம் நினைவை மட்டும் நம்பி எழுதும் விவரம் நல்லெண்ணத்துடனேயே பொய்யாகிவிடும்.

பின்னர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படங்கள் எடுத்தோம். பந்தின் மேலே சிறு நிறப்புள்ளியாகத் தெரியும் அடையாளத்துக்கும் ‘பின்’ என்றே பெயர்; அது உள்ளே இருக்கும் பாரமான கரு எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்பதைக் காட்டுவது. மறுபடி துளையிடுபவருக்கு அந்தப் புள்ளிக்கும் பழைய துளைகளுக்கும் உள்ள தூரம் தேவை, ஏனெனில் பழைய துளைகளை அடைத்த பிறகும் புதிய துளைகளை நினைத்த இடத்திலெல்லாம் இட முடியாது. பவுடர் பூசிய வெடிப்பின் படம்தான் படங்களில் முதலாவதாக இருக்க வேண்டும் என்று மாமா சொன்னார். நான் மறுத்தேன், முதற்படத்திலேயே குறையைக் காட்டினால் ஒருவரும் மேலே படிக்கமாட்டார்கள் என்று வாதிட்டேன். கடைசியில் முழுப் பந்தின் படம் முதலாவதாகவும், வெடிப்பின் படம் இரண்டாவதாகவும் வந்தன. இந்த ஒழுங்கு சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குறையைத் தேடி எடுக்க வேண்டிய இடத்தில் வைக்கக்கூடாது, அவ்வளவே.

இரண்டாவது விவரம் இது:

“2014இல் கனடாவில் வாங்கிய பௌலிங் பந்து. இடக்கைக்காரருக்குத் துளையிடப்பட்டது, வேறு எவர் பாவிப்பதென்றாலும் துளைகளை அடைத்து மறுபடி துளையிட வேண்டும். பொறித்த நிறை 15 இறாத்தல், இப்போது நிறுத்தது 6.74 கிலோ. ஏறத்தாழ 360 முதல் 400 ஆட்டங்கள் ஆடப்பட்டது, மேற்பரப்பு இரண்டு தடவை புதுப்பிக்கப்பட்டது, எண்ணெய் ஊறியுள்ளது. 2019 முதல் வெப்பமான அறையில் கிடந்தது. விரல்துளைகளுக்கு இடையில் வெடிப்பு உண்டு, இரண்டாம் படத்தைப் பார்க்கவும். அதன் ஆழம் எமக்குத் தெரியாது. பெருவிரல் குழலைக் கழற்றவில்லை, அதன் பின்புறத்தை நாம் பார்க்கவில்லை. சமநிலைத் துளை ஒன்று உள்ளது. 2020க்குப் பிந்திய போட்டி விதிப்படி அதை அடைக்க வேண்டும். 15 இறாத்தல் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. விலை 14,000 ரூபாய்.”

விலையை எப்படித் தீர்மானித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 25,000 என்று நான் முன்பு எழுதியது, வாங்கிய விலையிலிருந்து கழித்துப் பெற்ற தொகை. அது பிழையான தொடக்கம். மாமா கொடுத்த 200 டொலரில் ஒரு பகுதி அவருடைய கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட கூலி. அந்தக் கூலி வாங்குபவருக்கு எந்தப் பயனையும் தராது, அதைத் திருத்த அவர் இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டும். வாங்குபவர் கையில் பந்து ஆடத் தகுந்ததாக மாறும் நாளில் அவருக்கு மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தோம்: அடைப்பதற்கு, துளையிடுவதற்கு, எண்ணெய் எடுப்பதற்கு, மேற்பரப்பை அரைப்பதற்கு, வெடிப்பு ஆழமாக இருந்துவிட்டால் ஏற்படும் நட்டத்துக்கு. அப்படி வந்து நின்ற தொகை 14,000.

சட்டம் இதையெல்லாம் கேட்கிறதா என்று ஒரு நண்பர் வினவினார். இலங்கையில் பொருள் விற்பனைக்கு அடிப்படையானது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விவரத்தைச் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரிகளை நோக்கியது. வீட்டில் கிடந்த பந்தை விற்கும் முதியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. என் முதலாவது விவரம் பொருளோடு ஒத்தே இருந்தது என்பதை நினைத்தால், சட்டம் காக்கும் எல்லைக்கு அப்பால் எவ்வளவு இடம் விற்பவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாவது விவரம் வெளியான பிறகு மூன்று வாரங்கள் ஓர் அழைப்பும் வரவில்லை. பிறகு நான்கு பேர் விசாரித்தார்கள். மூவர் வெடிப்பைப் பற்றிப் படித்ததும், அல்லது நான் தொலைபேசியில் அதையே மறுபடி சொன்னதும், விலகினார்கள். நான்காவது ஆள் கிண்ணியாவைச் சேர்ந்தவர், தோஹாவில் குளிரூட்டிப் பராமரிப்பு வேலை செய்பவர், விடுமுறையில் வந்திருந்தார். 2006 ஆசிய விளையாட்டு விழாவின் பௌலிங் போட்டிகள் நடந்த கட்டார் பௌலிங் மையம் அந்த நகரத்தில்தான் இருக்கிறது. பௌலிங் அங்கே நன்கு அறியப்பட்ட ஆட்டம். இவரும் வேலைத்தள நண்பர்களோடு இரண்டு ஆண்டுகளாக வாடகைப் பந்தில் ஆடி வந்தவர். ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் உவர்மலைக்கு நேரில் வந்தார்.

வந்தவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, மாமா பந்தை மேசையில் ஒரு துணிமீது வைத்து, பவுடர் பேணியையும் பக்கத்தில் வைத்தார். “தம்பி, நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். நீங்களே பூசிப் பாருங்கோ” என்றார். அவர் பூசிப் பார்த்தார். நகத்தை ஓட்டினார். தாம் வலக்கைக்காரர், எப்படியும் எல்லாத் துளைகளையும் அடைக்கத்தான் வேண்டும், அப்படியானால் பாலத்து வெடிப்பு அடைப்போடு போய்விடாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. மேலோட்டமான வெடிப்பானால் அப்படியே நடக்கும். ஆழமாக உட்கருவை நோக்கிப் போயிருந்தால், அடைத்த பிறகும் தளத்தில் மோதும் அதிர்ச்சியில் மறுபடி திறக்கும். எது என்பதைத் துளையிடுபவர் வெட்டிப் பார்க்கும்போதுதான் சொல்ல முடியும் என்று மாமா விளக்கினார்.

ஆகவே விலையை இரண்டாகப் பிரித்தோம். 6,000 ரூபாய் உடனே. மிகுதி 8,000 தோஹாவில் துளையிடுபவர் பார்த்த பிறகு. பந்து ஆடத் தகுந்ததல்ல என்று அவர் சொன்னால் 8,000 தர வேண்டியதில்லை. அப்படியானால் முதற்பணத்தையும் திருப்பித் தருவதாக மாமா சொன்னார். இளைஞர் அதை ஏற்கவில்லை. “இல்ல ஐயா. எல்லாம் சொல்லித்தானே தாறீங்க. பார்த்துத்தானே எடுக்கிறேன். அந்தளவு என்ட பொறுப்பு” என்றார். இதை ஒரு தாளில் எழுதி, விவரத்தின் பிரதியோடு இணைத்து, இருவரும் கையொப்பமிட்டார்கள். பந்தைக் கைப்பொதியில் கொண்டுபோகலாமா என்று சிறிது நேரம் கணக்குப் பார்த்தோம். பல விமான சேவைகளில் கைப்பொதிக்கு வரம்பு 7 கிலோ. பந்து போக 260 கிராம்தான் மிஞ்சும். பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றினார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் படங்களோடு செய்தி வந்தது. பாலத்து வெடிப்பு ஒன்றரை சென்ரிமீற்றர் ஆழத்தோடு நின்றிருந்தது. அடைப்போடு முழுவதும் நீங்கிவிட்டது. ஆனால் பெருவிரல் குழலை வெட்டி எடுத்தபோது, துளையின் உட்சுவரில் இன்னொரு வெடிப்பு தெரிந்தது. மேற்பரப்புக்கு வராத, வெளியிலிருந்து எவரும் காண முடியாத வெடிப்பு. அந்தத் துளையை அகலமாகத் தோண்டி அடைக்க வேண்டியிருந்ததால், எங்கள் நாணயத்தில் ஏறத்தாழ 3,000 ரூபாய் கூடுதலாகச் செலவானது. பந்து ஆடத் தகுந்தது என்று துளையிடுபவர் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தப்படி 8,000 முழுவதும் எங்களுக்குரியது. பெருவிரல் குழலின் பின்புறத்தைப் பார்க்கவில்லை என்று எழுத்திலேயே சொல்லியிருந்தோம். அந்த வரியை நான் குறித்திராவிட்டால், இந்தக் கட்டத்தில் அந்த இளைஞர் எங்களை என்னவென்று நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். மாமா வேறுவிதமாக நினைத்தார். பார்க்கவில்லை என்று சொன்னது சரி, ஆனால் வெடிப்பு தம் அலுமாரியில் உண்டானதுதான் என்று சொல்லி, 5,000 போதும் என்று செய்தி அனுப்பச் சொன்னார். செப்டெம்பர் முதல் வாரத்தில் வங்கிக் கணக்குக்கு 6,500 வந்தது. கூடுதல் செலவில் பாதி தன்னுடையது என்று இளைஞர் எழுதியிருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நின்ற அந்தத் தொகையைப் பற்றி அதற்கு மேல் பேச்சு எழவில்லை. மொத்தம் 12,500 ரூபாய். கொழும்புத் தகப்பன் தருவதாகச் சொன்னதைவிட 7,500 குறைவு.

பந்தைப் பற்றிய அடுத்த செய்தி 2025 ஜூனில் வந்தது. இளைஞர் மறுபடி விடுமுறையில் வந்தபோது, கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டி ஒன்றோடு உவர்மலைக்கு வந்தார். இப்போது வேறொரு பந்து வாங்கியிருப்பதாகவும், பழையதை வேலைத்தள நண்பர் ஒருவர் கேட்பதாகவும் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். எங்கள் விவரத்தின் அதே பிரதி, மடிப்புகளில் நைந்திருந்தது. அதன் கீழே அவர் தம் கையெழுத்தில் சேர்த்திருந்தார்: வலக்கைக்கு மறுபடி துளையிட்ட நாள், அடைக்கப்பட்ட துளைகள் நான்கு, பெருவிரல் துளையில் இருந்த உள்வெடிப்பும் அதை அடைத்த அளவும், அதன் பிறகு ஆடிய ஆட்டங்கள் ஏறத்தாழ 150, இப்போதைய நிறை. இது போதுமா, பார்த்துச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் கொடுத்தார்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தார். எங்கள் வரிகளையும் விடவில்லை. முடித்துவிட்டு, “கடைசியா எண்ணெய் எடுத்தது எப்ப?” என்று கேட்டார். இளைஞர் சற்று யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு பேனை தருமாறு கேட்டார்.